அம்மாவுக்கு நான் நர்ஸ்

செப்டம்பர் 12, வியாழன்

இன்று ஏழு பேரைப் பார்த்தேன். ஏழு பேரும் வயதானவர்கள். ஒருவருக்கு மூச்சே போகவில்லை, உள்ளே அவ்வளவு அடைப்பு. கம்பி விட்டு எடுத்த பிறகுதான் சீரானார்.

அம்மாவிடம் வீடியோ போனில் இப்படித்தான் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏழும் புகைபோக்கிகள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கர்த்தாவே, உன் கையில எத்தன உசுரு மோளே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் சாச்சன் இருமினார். சாச்சன் என்றால் எங்கள் வீட்டில் அப்பா. அவருக்குச் சளியெல்லாம் கிடையாது. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும்போது அவருக்கு இருமல் வரும்.

கேரளத்தில், எங்கள் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் ஒரு பெண் ஜெர்மனிக்குப் போகிறாள் என்றால் நர்ஸ் வேலைக்குத்தான். "என்ன படிக்கப் போற?" என்று யாரும் கேட்பதில்லை, "எந்த ஆஸ்பத்திரி?" என்றுதான் கேட்பார்கள். நானும் ஒரு வருஷம் நர்சிங் படித்தேன். ரத்தத்தைப் பார்த்து மூன்று முறை மயங்கி விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்தது நோயாளியின் மேல். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஜெர்மன் வகுப்பை மட்டும் விடாமல் முடித்தேன். கோட்டயத்து ஏஜென்சிக்காரரிடம் இருந்த பட்டியலில் கடைசி வரி மட்டும் யாரும் கேட்காமல் கிடந்தது. புகைபோக்கி துடைக்கும் தொழில், மூன்று வருஷப் படிப்பு, படிக்கும்போதே சம்பளம். சாச்சன் அதை இரண்டு முறை படித்தார். "ரத்தம் இல்ல. உங்கம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார்.

இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

செப்டம்பர் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமையும் பதிமூன்றும் சேர்ந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதைவிடக் கெட்ட நாள் இல்லை. அதற்குப் பரிகாரம் நான். கறுப்பு உடுப்பில் இருக்கும் புகைபோக்கிக்காரியைத் தொட்டால் அதிர்ஷ்டம். சட்டையின் பித்தளைப் பொத்தானைத் திருகினால் பேரதிர்ஷ்டம். காலையிலிருந்து பதினோரு பேர் தொட்டார்கள். லாட்டரிக் கடைக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டே ஓடி வந்தார். ஒரு பாட்டியம்மா தன் பூனையின் பாதத்தைப் பிடித்து என் தோளில் வைத்தார். பூனை கறுப்பு. "இதுக்குந்தான் ரொம்ப நாளா கெட்ட பேரு, பாவம்" என்றார்.

கத்ரின் வண்டியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முதலாளி; முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், பேச்சை எண்ணிச் செலவழிப்பவள்.

"பொத்தான் அறுந்தா நீயேதான் தச்சுக்கணும்" என்றாள். இன்று அவள் பேசிய மிக நீண்ட வாக்கியம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஊரில் இன்று ஓணம். இங்கே நானும் லானும் துணி துவைத்தோம்.

லான் என்னோடு வீட்டைப் பங்கு போட்டிருப்பவள். வியட்நாமிலிருந்து வந்து ரொட்டி சுடக் கற்கிறாள். அவள் வீடு திரும்பும்போது தலை முதல் கால் வரை மாவு. நான் திரும்பும்போது கரி. முதல் வாரம் இரண்டு பேர் துணியும் ஒரே மெஷினில் விழுந்து எல்லாம் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் எழுதி மெஷின் மேல் ஒட்டினாள்: வெள்ளை முதலில், கறுப்பு பிறகு, சண்டை கடைசியில்.

அம்மா போனில் கேட்டாள்: "யூனிஃபார்ம் போட்டு ஒரு போட்டோ அனுப்புடி. அயர்லாந்துல இருக்கற உன் பெரியம்மா பொண்ணுங்க ரெண்டு பேரும் அனுப்பிட்டாங்க. நம்ம வீட்டுச் சுவர் மட்டும் காலியா இருக்கு."

லானின் வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். தொப்பியும். லானே எடுத்தாள். "நோயாளியப் பாக்கற மாதிரி பாரு. இல்லல்ல, அது ரொட்டியப் பாக்கற மாதிரி இருக்கு" என்று எட்டு முறை எடுத்தாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டார்களாம். இயேசுவுக்கு வலப் பக்கம்.

அக்டோபர் 9, புதன்

முதல் முறையாகக் கூரைக்குப் போனேன். ஏறினேன், இறங்கினேன் என்று எழுத ஆசைதான். ஏறினேன், இறக்கப்பட்டேன்.

இவ்வளவு நாளும் வீடுகளின் அடித்தள அறையில்தான் வேலை. கொதிகலன், அடுப்பு, புகையை அளக்கும் கருவி எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. இன்று கத்ரின் மேலே காட்டினாள். கூரைக்கு அடியில் இருக்கும் மாடத்தின் சின்னக் கதவைத் திறந்தால் ஓட்டுக் கூரை. ஓடுகளின் மேல் இரும்புப் படிகள். அந்தப் பக்கம் புகைபோக்கி. எட்டே எட்டு அடி. நான் மூன்றாவது அடியில் கீழே பார்த்தேன். தெரு என்னை நோக்கி ஏறி வந்தது. கையில் அகப்பட்ட ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம்.

கத்ரினோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கும் டிர்க் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஆப்பிள் தின்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னோர் ஆப்பிள். பிறகு என்னை உட்கார்ந்தபடியே இழுத்துக்கொண்டு வந்தார். பேன்ட் பின்பக்கம் கிழிந்துவிட்டது.

கீழே ஒரு தாத்தா கையை நீட்டிக்கொண்டு நின்றார், அதிர்ஷ்டத்துக்குத் தொட. வேண்டாம் தாத்தா, இன்னிக்கு சரக்கு இல்ல.

அக்டோபர் 10, வியாழன்

கத்ரின் காப்பி வாங்கிக் கொடுத்தாள். அப்போதே தெரிந்துவிட்டது.

"நேர்காணல்லயே கேட்டேனே. தலை சுத்தாதுன்னு நீதான சொன்ன?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதுதான் புரிகிறது. அவள் வீடியோவில் கேட்ட கேள்வி, "நீ ஷ்விண்டல் இல்லாதவளா?" இவர்கள் மொழியில் தலைச்சுற்றலுக்கும் ஷ்விண்டல்தான், பித்தலாட்டத்துக்கும் ஷ்விண்டல்தான். கொச்சி ஜெர்மன் வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டாவது அர்த்தம். நான் நெஞ்சில் கை வைத்து, "சத்தியமா. எங்க குடும்பத்துலயே யாரும் கிடையாது. ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவங்க நாங்க" என்றேன்.

"அதுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு வாரம் யோசிச்சேன்" என்றாள் கத்ரின். சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டிசம்பர் முடியற வரைக்கும் சோதனைக் காலம். பாதி வேலை கூரை மேலதான் ரின்ஸி. அடித்தளத்துல மட்டும் வேலை பாக்கற ஆள் எனக்குக் கட்டுப்படியாகாது. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஆனா நீ ஏறலன்னா, நிறுத்தற கடிதம் நான் எழுதியாகணும்."

இந்த வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊர். ஊருக்குப் போனால் சுவரில் அந்தப் போட்டோ.

தலை சுற்றாதவளும் இல்லை, பித்தலாட்டம் இல்லாதவளும் இல்லை. ஒரே கேள்வியில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

லானோடு தேவாலயக் கோபுரம் ஏறப் போனேன், பழகிக்கொள்ள. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படி. தொண்ணூறாவது படியில் ஒரு சின்ன ஜன்னல். அதற்கு மேல் கால் வரவில்லை.

"மேல போய் என்ன பாக்கப் போற? கீழ இருக்கற அதே ஊருதான், கொஞ்சம் சின்னதாத் தெரியும்" என்றாள் லான்.

எனக்கு வேலையே ஊர் சின்னதாகத் தெரியும் இடத்தில்தானே?

நவம்பர் 3, ஞாயிறு

நூற்றுப் பத்து.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மா கேட்டாள்: "சாச்சனுக்கு பிரஷர் கூடிப்போச்சுன்னு நெனக்கறேன். கண்ணு மங்கலா இருக்காம். மாத்திரைய ரெண்டு வேளையாக் குடுக்கவா?"

"டாக்டரக் கேளும்மா."

"வீட்டுலயே நர்ஸ் இருக்கும்போது டாக்டர் எதுக்கு? நேத்து ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டிருந்தேன், வேண்டாம்னு சொல்லிட்டேன். மோள் சொல்லிடுவான்னு."

ஐயோ. என்ன பண்ணிட்டிருக்கேன் நான்? இதுவரைக்கும் இது எனக்கும் சாச்சனுக்கும் நடுவுல ஒரு சிரிப்பு. அவரு இருமுவாரு, நான் வாயப் பொத்திக்குவேன். இன்னிக்கு அவரு மாத்திரையே என் வாயில வந்து நிக்குது. எனக்கு என்ன தெரியும்? கரி எடுக்கத் தெரியும்.

சாச்சனைத் தனியாக அழைத்தேன். ரப்பர் ஷீட் கடைக்குப் பின்னால் போய் நின்று பேசினார்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க சாச்சா."

"எப்படிடி போறது? போனா பெத்த பொண்ணு மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தமாம். உங்கம்மா சொல்லிட்டா."

"என்மேல நம்பிக்கை வேண்டாம். போங்க."

"எனக்கு எப்பவுமே இல்லடி. அதுதான் உங்கம்மாகிட்ட சொல்ல முடியல."

சிரிக்க வைத்துவிட்டுப் போனை வைத்தார். ரப்பர் விற்கப் போகிறேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆகக்கூடி அவருக்கும் ஒரு பொய்.

டிசம்பர் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். வேலை நிலைத்தாலும் சரி, போனாலும் சரி.

நவம்பர் 8, வெள்ளி

சாச்சனுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களாம். பழையதை இரண்டாகக் கொடுத்திருந்தால் தலை கிறுகிறுத்து விழுந்திருப்பாராம். நல்லவேளை என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

இரண்டு வாரம் தொழிற்பள்ளி, இன்றோடு முடிந்தது. வகுப்பில் பதினெட்டுப் பேர். புகையின் வேதியியல் தேர்வில் நான் முதல். கரும்பலகையில் கூரை வரைந்து எல்லாப் பாகத்துக்கும் பெயர் எழுதினேன். வாத்தியார் கைதட்டினார். சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த கூரையில் எனக்குத் தலை சுற்றுவதே இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி

கத்ரின் விழுந்துவிட்டாள். இருபது வருஷமாகக் கூரைகளில் நடந்தவளுக்கு, தன் வீட்டு வாசலில், குப்பைத் தொட்டியைத் தள்ளும்போது பனியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு மாதத்துக்குக் கூரை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சிரிச்சா வேலைய விட்டு எடுத்துடுவேன்" என்றாள். டிர்க் உடனே வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்து சத்தம் கேட்டது.

டிசம்பர் 11, புதன்

எழுத்து கோணல். பரவாயில்லை.

காலை பத்து மணி. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் நாலு மாடிப் பழைய வீடு, எட்டுக் குடித்தனம். டிர்க்குக்குக் காய்ச்சல், வரவில்லை. கத்ரின் நொண்டிக்கொண்டு அடித்தளத்தில் இறங்கினாள். "மூணாவது மாடியில குளியலறை கேஸ் கீசர் ஒண்ணு இருக்கு. போய் அளந்து எழுதிட்டு வா" என்றாள்.

மணி அடித்தேன். போர்வை போர்த்திய ஒரு பெண் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து பயறும் தேங்காயும் வதங்கும் வாசனை. கிறிஸ்துமஸ் நோன்புச் சமையல்; எங்கள் வீட்டு வாசனை. நான் மனப்பாடம் செய்ததை ஜெர்மனில் ஒப்பித்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீ ரோஸ்லின் சேச்சியோட மக ரின்ஸி இல்ல?"

பெட்ஸி சேச்சி. எங்களுக்கு அடுத்த கோயில் பங்கைச் சேர்ந்தவள். இந்த ஆஸ்பத்திரியில் நாலு வருஷமாக நர்ஸ். அம்மா இரண்டு மாதமாக, "போய்ப் பார்த்தியா, போய்ப் பார்த்தியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அதே பெட்ஸி.

"நர்ஸா வந்தவ ஏன்டி மூஞ்சில கரியப் பூசிக்கிட்டு நிக்கற?"

என்ன பதில் சொல்வது? வாயைத் திறந்தேன். என் மார்பில் மாட்டியிருந்த கருவி கீச்சிட்டது.

"உன் போன் அடிக்குது பாரு."

"போன் இல்ல சேச்சி." எண்ணைப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத விஷம். வாசலிலேயே இவ்வளவு என்றால் உள்ளே? "வெளிய வாங்க. இப்பவே."

"அடுப்புல பயறு இருக்கு."

"பயற விடுங்க!"

"நீ முதல்ல ஒழுங்கா பதில் சொல்லு. உங்கம்மாவுக்குத் தெரியுமா இது?"

"சேச்சி, தலை வலிக்குதா?"

"மூணு நாளா. எனக்கும் வலிக்குது, கூடத் தங்கியிருக்கற நிம்மிக்கும் வலிக்குது. டூட்டி அப்படி."

"நிம்மி எங்க?"

"குளிக்கறா. இப்பக்கூடப் பாடிட்டிருந்தாளே."

யாரும் பாடவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

அதன் பிறகு எதை முதலில் செய்தேன் என்று வரிசையாக நினைவில்லை. ஜன்னலைத் திறந்தேன். குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "நிம்மி! தாழ்ப்பாளத் தொறடி!" என்று பெட்ஸி சேச்சி கத்தினாள், அவள் குரலில் இருந்த அதட்டல் போய்விட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது. துண்டு சுற்றிய ஒரு பெண் அப்படியே என் மேல் சாய்ந்தாள். இரண்டு பேருமாகப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து போர்வையைச் சுற்றினோம். நான் கீழே பார்த்து "கத்ரின், கேஸ்!" என்று கத்தினேன். நொண்டிக் காலோடு அவள் அவ்வளவு வேகமாக ஏறி வருவாள் என்று நினைக்கவில்லை. வருவதற்குள் கேஸை மூடியிருந்தாள், ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தாள்.

நிம்மி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "இது யாரு, சாத்தானா?" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவளைக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் வேலை பார்க்கும் வார்டிலேயே படுக்கை கிடைத்ததாம். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம்.

குளியலறைச் சுவரில் காற்று வருவதற்கு விட்டிருந்த ஓட்டையில் ஒரு கம்பளியை மடித்துச் செருகி, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். குளிருக்காம். எனக்கு வந்த கோபத்தில் சொல்லிவிட்டேன்: "ஆஸ்பத்திரியில ஊருக்கெல்லாம் வென்டிலேட்டர் வைக்கறீங்க. வீட்டு வென்டிலேட்டர அடைச்சு வச்சிருக்கீங்க!" பெட்ஸி சேச்சி டேப்பின் ஓரத்தை நகத்தால் உரிக்கத் தொடங்கினாள்.

கதை அதோடு முடியவில்லை. கத்ரின் புகைபோக்கியின் அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள். மேலே வானம் ஒரு காசளவுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை, மேலே ஏதோ அடைத்திருந்தது. அதைத் திறக்காமல் எட்டு வீட்டுக்கும் சூடு கிடையாது. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாலு. குடியிருந்தவர்கள் எல்லாரும் போர்வையோடு தெருவில் நின்றார்கள். பாதிப் பேர் எங்கள் ஊர் நர்ஸுகள்.

"டிர்க் நாளைக்குத்தான் வருவார்" என்றாள் கத்ரின். என்னை ஏறச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"கயிறு எங்க?" என்று கேட்டேன்.

மாடத்துக் கதவில் நின்று அவளே கட்டிவிட்டாள், இரண்டு முடிச்சு, மூன்றாவதாக ஒன்று. கண்ணாடியோடு கீழே போனாள். நான் நாலு காலில் தவழ்ந்தேன். ஒரு படி. அருள் நிறைந்த மரியே. இரண்டாவது படி. தெரு அதோ ஏறி வருகிறது, எனக்குத் தெரியும்.

அப்போது கீழிருந்து கேட்டது.

"மோளே, கால் பாத்து வை!"

"படுத்துக்கோ! படுத்துக்கிட்டே போ!"

"படுத்தா வழுக்கும்டி, உக்காரச் சொல்லு!"

"இடது பக்கம்! இடது!"

"அவளுக்கு அது வலது!"

"இது யாரு, ரோஸ்லினோட மகளா? கல்யாணமாயிடுச்சா?"

ஒரு தெரு முழுக்கக் கோட்டயம் ஜில்லா நின்று எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுக்க, நான் காலை எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! திரும்பினேன்.

"சேச்சிமாரே! கொஞ்சம் வாய மூடறீங்களா! இது என் வேலை, எனக்குத் தெரியும்!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சின்னச் சின்ன முகங்கள். ஒருத்தியின் கையில் போன். நான் குனிந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை இடுப்பில் இருந்தது.

மீதி ஐந்து படியை நடந்துதான் போனேன். புகைபோக்கிக்குள் ஒரு காக்கைக் குடும்பம் கட்டிவிட்டுப் போன கூடு. சுள்ளிகளை அள்ளி அள்ளி வாளியில் போட்டேன், மூன்று வாளி. நடுவே ஒரு குழந்தையின் கையுறை, ஒரு தேக்கரண்டி. அடியில் இருந்த கட்டையைக் கம்பியால் நெம்பினேன், பெயர்ந்தது. புகைபோக்கிக்குள்ளிருந்து, கிணற்றில் பேசுவது போல, கத்ரினின் குரல் வந்தது.

"வானம் தெரியுது!"

டிசம்பர் 12, வியாழன்

வீடியோவை நேற்றே பெட்ஸி சேச்சி தன் பங்கின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். அங்கிருந்து எங்கள் பங்கின் குழுவுக்கு வர அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாய மூடறீங்களா" என்று கத்துவதிலிருந்து தொடங்குகிறது.

அம்மாவை அழைத்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

எடுக்கவில்லை. தெருவில் பதினாலு பேர் என்னைத் தொட்டார்கள். அவர்களுக்காவது பலிக்கட்டும்.

டிசம்பர் 14, சனி

சாச்சனிடமிருந்து செய்தி: "என்னோட பேசறதில்ல. உன்னோட பேசறதில்ல. கோழிங்களோட மட்டும் பேசறா. கோழிங்ககிட்ட பேசறது முழுக்க உன்னப் பத்திதான்."

டிசம்பர் 15, ஞாயிறு

அம்மாவே அழைத்தாள். முகத்தைக் காட்டவில்லை, போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் தெரிந்தது.

"அந்த வெள்ளச் சட்டை யாருது?"

"லானோடது. ரொட்டி சுடற பொண்ணு."

"ரொட்டிக்காரி சட்டையவாடி நான் தெனம் தொடச்சேன்?"

நான் போனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"ஏழு பேரு, எட்டு பேருன்னு சொல்லுவியே. மூச்சு விட முடியலன்னு சொல்லுவியே. பேர் தெரியலன்னாலும் பரவால்லன்னு அத்தன பேருக்கும் ஜெபமாலை சொன்னேன். செங்கல்லுக்கா சொன்னேன் நான்?"

சிரித்துவிட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது.

"எனக்குப் பதினெட்டு வயசுல மங்களூர்ல நர்சிங் சீட்டு கெடச்சுது. பொட்டி கட்டியாச்சு. பஸ் ஸ்டாண்டுல வச்சு எங்கப்பன் மனசு மாறிட்டாரு. திரும்பி வர்ற வழியில எனக்கு ஒரு நாரங்கா சோடா வாங்கிக் குடுத்தாரு, அவ்வளவுதான். அதனாலதான் உன்ன..." நிறுத்தினாள். "நீ மயங்கி விழுந்தத நேத்துதான் சாச்சன் சொன்னாரு. முன்னாலயே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் உன்னக் கொன்னா போட்டிருப்பேன்?"

"நீ வருத்தப்படுவேன்னுதாம்மா."

"படுவேன். படக்கூடாதா? அது என் பாடு. நீங்க ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு எனக்கு எது தெரியலாம், எது கூடாதுன்னு முடிவு பண்ணுவீங்களா? அந்த மனுஷன் மாத்திரைய நான் மாத்திக் குடுத்திருந்தா?"

மன்னிச்சுடும்மா என்றேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிடவும் இல்லை.

"அந்த நிம்மியோட அம்மா இன்னிக்கு நம்ம கோயிலுக்கு வந்திருந்தா. ரெண்டு பஸ் மாறி. என் கையப் பிடிச்சவ விடவே இல்ல, காணிக்கை எடுக்கற நேரத்துலகூட. எல்லாரும் கேக்கறாங்க, உன் மக என்ன வேலை பாக்கறான்னு. அதுக்குப் பேரு என்ன?"

சொன்னேன். அந்த ஜெர்மன் பெயரை மூன்று முறை முயன்றாள். மூன்றாவது முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விடு. நர்ஸுங்களக் காப்பாத்தற வேலைன்னு சொல்லிக்கறேன்."

வைப்பதற்கு முன் கேட்டாள்: "கயிறு கட்டிக்கிட்டுத்தான ஏறின?"

"ஆமாம்மா. மூணு முடிச்சு."

"வீடியோவுல தெரியல. அடுத்த தடவ தெரியற மாதிரி கட்டிக்கோ."

டிசம்பர் 20, வெள்ளி

வருஷத்தின் கடைசி வேலை நாள். கத்ரின் கூப்பிட்டு உட்கார வைத்தாள். காப்பி இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"போன வாரம் புதன்கிழமை நீ ஒரு தப்பு பண்ணின. கருவி கத்தின பிறகு வாசல்ல நின்னு பேசிட்டிருந்திருக்க. பெட்ஸி சொன்னா."

"அவங்கதான் பேசினாங்க..."

"முதல்ல ஜன்னல். அப்புறம் வாக்குவாதம்."

"சரி."

"ஜனவரி ஆறு, காலைல ஆறரை. ஏணிய நீ எடுத்துட்டு வா."

அவ்வளவுதான். வெளியே வந்து டிர்க்கிடம் சொன்னேன். பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆறு கூரை. ஐந்தாவதில் சாப்பாட்டு நேரம். டிர்க் கீழே வண்டியில் சாப்பிட்டார். நான் ஏறி இறங்கச் சோம்பல்பட்டு முகட்டிலேயே உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன். அம்மா அழைத்தாள்.

"எங்க இருக்க?"

"வேலையில."

"காட்டு."

கயிற்றைக் காட்டினேன். தலையாட்டினாள். பிறகு போனை வெளிப்பக்கம் திருப்பினேன். அடுக்களையில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது; நெருப்பைக் குறைத்தாள்.

"எதிர் வீட்டு பால்கனியில துணி காயப் போட்டிருக்காளே, இந்தப் பனியில எப்படிடி காயும்?"

"விறைச்சுக்கும். அப்புறம் உள்ள கொண்டுபோய் உதறுவாங்க."

"அந்த நீலப் போர்வை சாயம் போகும். வெள்ளையோட சேத்துப் போட்டிருக்கா பாரு. கொஞ்சம் கிட்டக் காட்டு."

குனிந்து காட்டினேன். சிவப்புத் தொப்பி போட்ட அந்த வீட்டுப் பெண் வந்து கிளிப்புகளை எடுத்தாள். ஒரு சட்டை பலகை மாதிரி நின்றது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கீழ்வீட்டு வாசலில் ஒருத்தர் பனியை வாருவதைப் பார்த்தோம். சரியாக வாரவில்லை என்று அம்மா சொன்னாள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பயறு அடிபிடிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

ரொட்டியை முடித்துக் கையை உதறும்போதுதான் கவனித்தேன். பத்து நிமிஷமாக இரண்டு பேரும் கீழே பார்த்தபடிதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.